மாடிப்படியும் மார்பு நெரிப்பும்



ஓராண்டுக்கும் மேலாக இங்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நலம் விசாரித்து மடல் அனுப்பிய ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முதற்கண் என் நன்றி. எல்லாருக்கும் ‘வேலைப்பளு’ என்றே பதில் எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இன்று எழுதுகின்றேன். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பித்து வரும் ஆசிரியன். ஆகவே, ஒரு நோயாளி தான் பட்டதையும் கேட்டறிந்ததையும் சொல்வதாக மட்டுமே இதனைக் கொள்ள வேண்டுகின்றேன்.

எங்கள் பள்ளியின் இணைக்கட்டடத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மேல்மாடியில் இருக்கின்றது. ஓய்வு நேரம் முடிந்ததும் சிற்றுண்டிச் சாலையிலிருந்து நேராக அவ்வகுப்புக்கு ஏறிச் செல்வது என் வழக்கம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், கையில் முப்பது கணக்குப் புத்தகங்களோடு ஏறிக்கொண்டிருந்தபோது, முதல் மாடியைத் தாண்டியதும் நெஞ்சின் நடுவில் ஏதோ அழுத்தியது. வலி என்று சொல்ல இயலாது. உள்ளங்கையை வைத்து ஒருவர் அழுத்துவது போன்ற ஒரு பாரம். அது மெல்ல இடது தாடைக்கு ஏறி, பல் கூசுவதுபோல் நின்றது. நின்றேன். மூன்று நிமிடத்தில் சுவடின்றி மறைந்துவிட்டது. மேலே சென்று பின்னம் கற்பித்தேன்.

மறுநாளும் அதே இடத்தில் அதே பாரம். அதற்கடுத்த நாளும் அப்படியே. அன்று காலை உண்ட நாசி லெமாக்கின் மீது பழியைப் போட்டேன். நம் மக்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது ‘கேஸ்ட்ரிக்’ அல்லது காற்றுப் பிடிப்பு. நானும் அந்த மரபில் வந்தவன்தானே! வீட்டில் ஓமத் தண்ணீர் குடித்தேன். கோடாலித் தைலம் தேய்த்தேன். மருந்துக்கடையில் வயிற்றுப் புண்ணுக்குரிய மாத்திரையை வாங்கி விழுங்கினேன். நின்றால் போய்விடுகின்றது, நடந்தால் வருகின்றது என்பதே இதன் அடையாளம். வயிற்றில் உள்ள காற்றுக்கு மாடிப்படி தெரியாது. அறிவியல் ஆசிரியனாகிய எனக்கு அந்த எளிய தருக்கம் ஐந்து வாரம் உறைக்கவில்லை.

உறைக்கவில்லை என்பதும் பொய். உறைத்தது, ஒளித்தேன். மாடிப்படியின் திருப்பத்தில் மாணவர்களின் ஓவியங்களை ஒட்டிய அறிவிப்புப் பலகை ஒன்றுண்டு. அங்கு நின்று ஓவியங்களைப் பார்வையிடுவது போல் பாவனை செய்வேன். எதிரில் வரும் ஆசிரியர்கள் புன்னகைத்துச் செல்வர். இந்நோய் உடையவர்கள் கடைத்தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு கடையின் கண்ணாடி முன்னும் நின்று பொருள்களைப் பார்ப்பதுபோல் நடிப்பார்கள் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

என் நாடகத்தைக் கண்டுபிடித்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஜூன் மாதத்தில் ஒரு நாள் பின்னாலேயே ஏறி வந்தவள், “ஐயா, தினமும் அதே பூனைப் படத்தையே பார்க்கிறீர்களே, அது அவ்வளவு நன்றாகவா இருக்கிறது?” என்று கேட்டாள். சற்று நேரம் கழித்து, “என் தாத்தாவும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்” என்றாள். தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. ஏனெனில் எனக்கும் அப்படி நின்ற ஒருவரைத் தெரியும்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். அவருக்குக் கிடைத்த நிரை தோட்டத்தின் மேட்டுப் பகுதியில் இருந்தது. விடுமுறை நாள்களில் நானும் மங்கு துடைக்கச் செல்வேன். 1983ஆம் ஆண்டின் இறுதியில், காண்டாவாளியைத் தோளில் சுமந்து மேடேறும்போது அவர் பாதி வழியில் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, மார்பை முட்டியால் தேய்த்துக்கொண்டு நிற்பார். “கொஞ்சம் காத்துடா, தம்பி” என்பார். தோட்ட மருந்தகத்தில் டிரெசர் கொடுத்த வெள்ளைத் தண்ணீர் மருந்தைப் புட்டி புட்டியாகக் குடித்தார். சுண்ணாம்பு நீர் போன்ற அம்மருந்து வயிற்றுப் புளிப்புக்கு உரியது. அந்த டிரெசரைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அவரிடம் இதயத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றும் இருந்ததில்லை. 1984 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, பெரட்டுக்குப் புறப்பட்டவர் லயத்து வாசற்படியில் அமர்ந்தார், எழவில்லை. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. நான் அப்போது நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். 2024இல் எனக்கு வயது ஐம்பத்தாறு. தந்தையைவிட ஏழு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்துவிட்டேன் என்ற கணக்கை அன்றிரவு போட்டுப் பார்த்துவிட்டு, என் துணைவியாரை எழுப்பிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காலையில் அவரே வண்டியை எடுத்து என்னை மருந்தகத்தில் கொண்டு சேர்த்தார்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. “சிக்கு, எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்” என்றார். நான் கை முட்டியை மடக்கி நெஞ்சின் நடுவில் வைத்தேன். அவர் உடனே பேனாவை எடுத்துவிட்டார். இதயத்திலிருந்து வரும் நெரிப்பு உடையவர்கள் பெரும்பாலும் இப்படி முட்டியாலோ உள்ளங்கையாலோதான் காட்டுவார்களாம். ஒரு விரல் நுனியால் இதோ இங்கே என்று புள்ளி வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்குமாம். என் தந்தையின் முட்டி என் நினைவில் வந்து நின்றது.

அன்று எடுத்த இ.சி.ஜி. முற்றிலும் சரியாக இருந்தது. நான் மகிழ்ச்சியோடு எழுந்தேன். “உட்காருங்கள்” என்றார் மருத்துவர். ஓய்வில் இருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. இந்நோய் உடைய பலருக்கும் சரியாகவே இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெற்றோர்களே, ஆசிரியர்களே, இதனைக் கருத்திற் கொள்க: இ.சி.ஜி. நன்றாக இருக்கின்றது என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று அன்று. படியேறும்போது நெஞ்சு நெரிந்தால், படியேறுவது போன்ற நிலையில் வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். மேலும், புதிதாக வந்த நெரிப்பை ஐந்து வாரம் மறைத்ததற்காக அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாணவர்கள் வீட்டுப்பாடம் செய்யாமல் வரும்போது நான் பேசும் தொனியில்தான் அவரும் பேசினார்.

இனி, இந்நோய் யாது என்பதைச் சொல்கின்றேன். ஆங்கில மருத்துவத்தில் இதன் பெயர் அஞ்சைனா. நெரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் மார்பு நெரிப்பு என்று வழங்குவது மிகவும் பொருத்தமாக எனக்குப் படுகின்றது. 1768ஆம் ஆண்டில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் இதனை விவரித்துக் கட்டுரை படித்தார். அது 1772இல் அச்சாயிற்று. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, குறிப்பாக உணவு உண்ட பின் இது தோன்றும். நின்றவுடன் மறையும் என்று அவர் எழுதியிருக்கின்றார். இரத்தக் குழாய் அடைப்பைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். ஆயினும் ஓய்வு நேரம் முடிந்து மாடியேறிய என்னை அவர் நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கின்றது.

இதயம் உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்புகின்றது. ஆனால் தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தை அது தன் மேற்பரப்பில் ஓடும் இதயத் தமனிகளின் வழியாகவே பெறுகின்றது. எங்கள் பள்ளித் தண்ணீர்க் குழாயை எண்ணிப் பார்க்கின்றேன். உள்ளே துரு படிந்து துவாரம் குறுகிய குழாய் அது. பாட நேரத்தில் ஒரு பிள்ளை கை கழுவினால் குறை தெரியாது. ஓய்வு நேரத்தில் எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்தால் மேல்மாடியில் சொட்டுத்தான் விழும். தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து குறுகிய நிலையும் அதுவே. அமர்ந்திருக்கும்போது போதுமான இரத்தம், படியேறும்போது போதாது. பிற தசைகள், இரத்தம் குறைந்தால், வரும் இரத்தத்திலிருந்து உயிர்வளியைக் கூடுதலாக உறிஞ்சிச் சமாளிக்கும். இதயத் தசையோ அமைதியாக இருக்கும்போதே பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றது. சேமிப்பு இல்லாத குடும்பம் போல. ஆகவே தேவை மிகும்போது கூடுதல் இரத்தம் வந்தே ஆக வேண்டும். வராவிடில் அத்தசை எழுப்பும் முறையீடே மார்பு நெரிப்பு. நின்றுவிட்டால் தேவை குறைகின்றது, முறையீடும் அடங்குகின்றது. இந்நிலையில் தசை சாவதில்லை. மாரடைப்பில்தான் குழாய் அடைபட்டுத் தசை சாகத் தொடங்குகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு அதுதான்.

சினமும் படியேறுவதற்குச் சமம். ஜான் ஹன்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவருக்கு இந்நோய் இருந்தது. தம்மைச் சீண்டிச் சினமூட்டும் எவனுடைய கையிலும் தம் உயிர் இருப்பதாக அவர் சொல்வாராம். 1793இல் தாம் பணியாற்றிய மருத்துவமனையின் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றியபோது அங்கேயே மயங்கி விழுந்து இறந்தார். ஆசிரியர் கூட்டங்களில் அமர்ந்து பழகிய நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

என்னுடையது நிலையான வகை. எவ்வளவு நடந்தால் வரும், எத்தனை நிமிடத்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக் கூடியது. பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அச்சத்திற்குரியது நிலையற்ற வகை. சும்மா அமர்ந்திருக்கும்போதே வருவது. வழக்கத்தைவிடக் குறைந்த உழைப்பிலேயே வருவது. நாளுக்கு நாள் மிகுவது. இருபது நிமிடத்தைத் தாண்டியும் விடாமல் நிற்பது. புதிதாகத் தோன்றிக் கடுமையாக இருப்பது ஆகிய எல்லாம் இதன் அடையாளங்கள். தமனியில் உள்ள கொழுப்புப் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்பது இதன் பொருளாக இருக்கக்கூடும். இது மாரடைப்பின் வாசற்படி. இதற்கு மருந்தகத்தில் எண் எடுத்துக் காத்திருக்கக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். தாமே வண்டி ஓட்டிச் செல்வதும் கூடாது. மூன்றாவதாக ஒரு வகையை 1959இல் பிரின்ஸ்மெட்டல் என்னும் மருத்துவர் விவரித்தார். தமனி திடீரென்று சுருங்கி இறுகுவதால், நள்ளிரவிலோ விடியலிலோ ஓய்வில் இருக்கும்போதே வருவது. புகைப்பிடிப்போரிடம் மிகுதியாகக் காணப்படுவது. அரிதானது என்பதால் அதனை விட்டுவிட்டு நான்காவது வகைக்கு வருகின்றேன். இக்கட்டுரையை நான் எழுதத் தயங்கியதற்கு அதுவே காரணம்.

2016ஆம் ஆண்டில் நான் வேறொரு பள்ளியில் புறப்பாட நடவடிக்கைத் துணைத் தலைமையாசிரியராக இருந்தேன். அங்கு ஓர் ஆசிரியை. நாற்பதைக் கடந்தவர். நெஞ்சு இறுக்கமும் மூச்சு வாங்கலும் தாளாத அசதியும் என்று அடிக்கடி விடுப்பு எடுத்தார். சில சமயம் படியேறும்போது வரும். சில சமயம் அமர்ந்திருக்கும்போதே வந்து அரை மணி நேரம் நிற்கும். மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். குழாய்களில் அடைப்பு ஏதும் இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் அந்த அறிக்கையோடு என்னிடம் வந்து, திடலில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பிலிருந்தும் மேல்மாடி வகுப்பிலிருந்தும் தமக்கு விலக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அறிக்கையைப் படித்துவிட்டு, “ஒன்றுமில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, டீச்சர்?” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தால் கூட மன்னிக்கலாம். அன்று ஆசிரியர் அறையில், “அவருக்கு இதயத்தில் அடைப்பு இல்லை, வேலை செய்யும் மனத்தில்தான் அடைப்பு” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்து திரும்பியபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே சென்றார். அடுத்த ஆண்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்காவது வகை நுண்குழாய் மார்பு நெரிப்பு. பெரிய தமனிகளில் அடைப்பே இராது. அவற்றிலிருந்து கிளைக்கும், கண்ணுக்குப் புலப்படாத சிறு குழாய்கள் தேவைக்கேற்ப விரிய மறுக்கும். ஆஞ்சியோகிராம் பெரிய குழாய்களை மட்டுமே காட்டும், நுண்குழாய்களைக் காட்டாது. பெண்களிடையே இது மிகுதி. படம் சுத்தமாக இருந்தாலும் நோய் உண்மையானது. பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பையும் இது கூட்டுகின்றது. இதை மருத்துவர் எனக்குச் சாதாரணமாக, நான்கு வகைகளில் ஒன்றாக விரல் மடக்கிச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் காதில் ஆசிரியர் அறையின் சிரிப்பு ஒலித்தது.

என் கதைக்குத் திரும்புகின்றேன். ஓடுபொறிச் சோதனையில் நான்காம் நிமிடத்தில் எனக்கு நெரிப்பு வந்தது, இ.சி.ஜி. கோடும் கீழே இறங்கியது. ஆகஸ்டு மாதம் அரசாங்க மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம். வலது மணிக்கட்டுக் குழாயின் வழியே மெல்லிய குழலைச் செலுத்தினார்கள். நான் விழித்தே இருந்தேன். சாயம் பாயும்போது உடலெங்கும் ஒரு வெம்மை பரவியது, அவ்வளவுதான். வலப்பக்கத் தமனியில் எழுபது விழுக்காடு குறுகல் இருந்தது. மற்றவை பரவாயில்லை.

ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன். முதலில் மருந்து, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். குடும்பத்தில் பெரும் வாக்குவாதம். “அடைப்பு இருப்பது தெரிந்தும் எடுக்காமல் விடுவார்களா? தனியார் மருத்துவமனைக்குப் போவோம், மாமா!” என்று என் மைத்துனர் மகன் குதித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடைத்த சாக்கடையைக் குத்திவிடாமல் மருந்து தெளிப்பதா? மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 2007இல் வெளியான கரேஜ் என்னும் ஆய்வில் நிலையான வகை நோயாளிகள் 2,287 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு முறையான மருந்து மட்டும், மறு பகுதியினருக்கு மருந்தோடு ஸ்டென்டும் என்று சிகிச்சை அளித்தார்கள். இறப்பிலும் மாரடைப்பிலும் வேறுபாடு இல்லை. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரை வைத்து ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. ஸ்டென்ட் நெரிப்பைக் குறைக்கும், அது மெய். நிலையான வகையில் ஆயுளைக் கூட்டும் என்பதற்குத்தான் சான்று கிடைக்கவில்லை. ஏனெனில் நாளைய மாரடைப்பு, இன்று படத்தில் தெரியும் பெரிய அடைப்பில்தான் வரும் என்பதில்லை. கண்ணில் படாத சிறு படிவு வெடித்தும் வரலாம். மருந்தோ எல்லாக் குழாய்களுக்கும் போய்ச் சேர்கின்றது. ஆனால் இடது முதன்மைத் தமனியின் தொடக்கத்திலேயே அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் வலு மிகக் குறைந்திருந்தாலோ, நிலையற்ற வகையாக மாறிவிட்டாலோ கணக்கு வேறு. அங்கு ஸ்டென்டோ மாற்றுவழி அறுவையோ உயிர் காக்கும். என் படம் அப்படிப்பட்டதன்று.

எனக்கு எழுதப்பட்டவை: இரத்தம் உறையாதிருக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கவும் படிவை உறுதிப்படுத்தவும் ஸ்டேட்டின், இதயத் துடிப்பை நிதானப்படுத்தி அதன் தேவையைக் குறைக்க பிசோபுரோலோல். இவை எனக்கு உரியவை. ஆஸ்துமா உடையவருக்கும் பிரின்ஸ்மெட்டல் வகை உடையவருக்கும் பிசோபுரோலோல் இனத்து மருந்து ஒவ்வாமற் போகலாம். ஆகவே என்னைப் பார்த்து எவரும் மருந்து வாங்க வேண்டா.

இவற்றோடு நாக்கின் அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரை ஒரு சிறு புட்டி. நைட்ரோகிளிசரின்தான் அது, டைனமைட் வெடிமருந்தின் மூலப்பொருள். 1879இல் வில்லியம் மரல் என்னும் இலண்டன் மருத்துவர், தம் உடலிலேயே சோதித்துப் பார்த்த பின், மார்பு நெரிப்புக்கு இதனைப் பரிந்துரைத்தார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே 1896இல் மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். இது விதியின் விளையாட்டன்றோ என்று அவர் தம் நண்பருக்கு மடல் எழுதினார். இம்மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குழாய்களைத் தளர்த்துகின்றது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் கிடைத்தது நோபல் பரிசு! இக்கதையை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெடிக்காது என்று உறுதி கூற வேண்டியதாயிற்று.

இதனைப் பயன்படுத்தும் முறையை வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருத்தல் நலம். நெரிப்பு வந்தால் செய்யும் வேலையை விட்டு உட்கார வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ நேரும். ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கக் கூடாது. தலைவலி வரும், அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 999ஐ அழைத்துவிட்டுத்தான் அடுத்த மாத்திரை. ஆண்மைக் குறைவுக்கு உண்ணும் வயாகரா போன்ற மாத்திரைகளோடு இது சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவில் வீழும். மருத்துவர் கேட்கும்போது நம் ஆண்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். மறைக்க வேண்டா.

இன்னும் ஒன்று. பெண்களுக்கும் நீரிழிவு உடையவர்களுக்கும் நெஞ்சில் பாரமே இல்லாமல், மூச்சு வாங்கல், அசதி, குமட்டல், தாடை வலி, முதுகு வலி என்று மட்டும் இது வெளிப்படலாம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர். நம் இந்தியச் சமூகத்தின் நிலையைச் சொல்லவே வேண்டா. எந்தக் கல்யாண விருந்திலும் நம் பக்கத்து இலையைப் பார்த்தாலே தெரியும். இதற்கிடையில், நெஞ்சு வலித்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கு இரு முறை எனக்கு வருகின்றது. அனுப்புபவர்களில் ஆசிரியர்களும் உண்டு. இருமலில் வீணாகும் அந்த நிமிடங்கள் தொலைபேசி அழைப்புக்கு உரியவை. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, காடி, தேன் கலந்த சாறும் அப்படியே. அடைப்பை அது கரைத்துவிடாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் அறிவேன்.

மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் நெரிப்பு வெகுவாகக் குறைந்தது. மருத்துவர் சொன்னபடி மாலையில் சமதரையில் நடக்கின்றேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்டென்ட் இப்போதைக்கு வேண்டா என்றார்கள். தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். மறுவாரமே என் வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றிக் கொடுத்தார். ஓர் அறிக்கையைக் கூட அவர் கேட்கவில்லை. அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு ஒரு நாள் கூட என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

2024 தீபாவளி கழிந்த வாரத்தில், அந்த ஆசிரியையின் எண்ணை ஒரு தோழியிடம் பெற்று, துணைவியாரோடு அவர் இல்லத்திற்குச் சென்றேன். எட்டு ஆண்டுகளில் தலை நரைத்திருந்தார். தேநீரும் முறுக்கும் வைத்தார். நான் எதைச் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் என் நோயைச் சொன்னேன். பின்னர் நுண்குழாய் வகையைப் பற்றி மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். “அதுதான் சார் எனக்கு” என்றார் அமைதியாக. 2019இல் வேறொரு மருத்துவமனையில் உறுதி செய்தார்களாம். மருந்து உண்கின்றார். முழுமையாகக் குணமாகவில்லை, வைத்துக்கொண்டு வாழ்கின்றார்.

“அன்று ஆசிரியர் அறையில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், டீச்சர்” என்றேன்.

அவர் சற்று நேரம் என் துணைவியாரைப் பார்த்தார். “அந்தப் பேச்சு போகட்டும், சார். யார்தான் பேசவில்லை? ஆனால் அந்த வருடம் முழுக்க மேல்மாடிக்கு ஏறினேனே, நாற்பத்திரண்டு படி. அது மட்டும் இன்னும் மறக்கவில்லை” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. அந்தப் பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தும் படிகள் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. என் துணைவியார்தான் முறுக்கைப் பற்றி ஏதோ கேட்டுப் பேச்சை மாற்றினார்.

விடைபெற எழுந்தபோது, “சார், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கையில் வைத்திருக்கிறீர்களா? காட்டுங்கள்” என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பார்த்தவுடன் அவர் முகம் மாறியது. நான் அதைப் புட்டியிலிருந்து எடுத்து ஒரு நெகிழிச் சிமிழில் போட்டு வைத்திருந்தேன். சட்டைப் பையில் அடங்குவதற்காக. “இப்படி வைக்கவே கூடாது! நெகிழி மருந்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். புட்டியை எப்போது திறந்தீர்கள்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆகஸ்டாக இருக்கலாம். அவர் உள்ளே சென்று தம் புட்டியைக் கொண்டு வந்து காட்டினார். மூடியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, திறந்த தேதியையும் தூக்கி எறிய வேண்டிய தேதியையும் பேனாவால் எழுதியிருந்தார். இரண்டுக்கும் இடையே எட்டு வாரம். “அதற்கு மேல் வீரியம் போய்விடும், சார். இது இப்போது சும்மா மிட்டாய்” என்று சொல்லி என் சிமிழைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்குச் செல்லும் முன் மருந்தகத்திற்குச் சென்று புதிய புட்டி வாங்கினேன். தேதியை என் துணைவியார் எழுதி ஒட்டினார்.